பதினான்காம் அறை நெடி

மூட்டைப்பூச்சிக்கென்று வாங்கிய மிஷின் அது.
வாயில் ஆவி, வயிற்றில் தண்ணீர்.
தோட்டப்பாளையத்து லாட்ஜின் மூன்று மாடிக்கும்
ஒன்றே ஒன்று.
ஒருவர் காலி செய்த கட்டிலில் அடுத்தவர் படுக்குமுன்
மெத்தைத் தையல் முழுக்க ஓட்ட வேண்டும்.
எனக்கு அதுதான் வேலை.

எங்கள் போர் தண்ணீர் உங்களுக்குத் தெரியாது.
பக்கெட்டில் ஓர் இரவு நின்றால்
விளிம்பில் வெள்ளைக் கோடு.
நான்கே மாதத்தில் மிஷின்
ஆவிக்குப் பதில் எச்சில் துப்பியது,
ஒவ்வொரு துப்பலிலும் ஒரு சுண்ணாம்புச் செதில்.

பதினான்காம் அறை ஷிப்ரா
(புருஷனுக்கு ரத்தத்தில் ஏதோ,
அசன்சோலிலிருந்து வந்து இரண்டு மாதம்)
கைஜாடையும் பாதித் தமிழுமாகச் சொன்னாள்:
"வினிகர் ஊத்து தீதி.
எங்க ஊர் கெட்டில் எல்லாம் அப்படித்தான்."

காகிதப்பட்டறை முனையில் கோபி மஞ்சூரியன் வண்டி.
தேவராஜுலு கால் பாட்டில் கொடுத்தான், காசு வாங்கவில்லை.
ஊற்றினேன். மூடினேன்.
ஸ்விட்சைப் போட்டேன்.

உறுமி, நின்று,
வெள்ளையாய் நீளமாய் ஊதியது
வாங்கிய நாள் மாதிரி.
ஒரு நிமிஷம் எனக்கே கைதட்டத் தோன்றியது.
அப்புறம் நெடி.
ஊறுகாய்ச் சாடி கவிழ்ந்து கொதித்தால் எப்படியோ அப்படி
காரிடாரில் நடந்தது,
கதவுக்கடியில் குனிந்து நுழைந்தது.
பதினான்கில் அந்த மனிதர் இருமினார்.
நிறுத்தவில்லை.
ஷிப்ரா ஈரத் துண்டைக் கதவடியில் திணித்தாள்.
என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

லாங்கு பஜார் முனவ்வர் வயிற்றைத் திறந்து
டார்ச்சை உள்ளே விட்டான்.
"இன்னா ஊத்துன?"
சொன்னேன்.
"சுட வச்சியா?"
அதையும் சொன்னேன்.
அவன் விரல்நுனியில் ரப்பர் வளையம்
ரசத்தில் ஊறிய அப்பளமாய்த் தொங்கியது.
"உப்பு போயிடுச்சு, அது நிஜம்தான்.
ஆனா உள்ள இருக்கறது அலுமினியம்."

அலுமினியம் என்றதும் புரிந்துவிட்டது.
புளிக்குழம்பை அந்தச் சட்டியில் ராத்திரி விட்டால்
காலையில் குழி குழியாய் இருக்கும்.
இருபது வருஷமாய்த் தெரியும் எனக்கு.
அடுப்படியில் கெட்டிக்காரி,
மூன்றாம் மாடியில் மக்கு.

"அப்ப ஊத்தவே கூடாதா?"
ஆமாம் என்றும் இல்லை என்றும் தலையாட்டினான்.
"ஸ்டீல் வயிறா இருந்தா, தண்ணி நிறைய, வினிகர் கொஞ்சம்.
பச்சையா. ஸ்விட்ச் பக்கம் போகாத.
அரைமணி வுட்டுக் கொட்டு. மூணு தபா அலசு.
அதுவும் கம்பெனி புஸ்தகம் சரின்னா.
புஸ்தகம் எங்க?"

புத்தகம்
மேனேஜர் மேஜையின் ஆடும் காலுக்கடியில்
நாலாய் மடிந்திருந்தது.
உருவினேன். மேஜை சாய்ந்தது, டீ கொட்டியது.
எந்த நாட்டு எழுத்தோ.
ஆனால் படம் இருந்தது: ஒரு பாட்டில்,
அதன் மேல் குறுக்காக ஒரு கோடு.
படிக்காதவளுக்கும் புரிகிற கோடு.

பேரணாம்பட்டுத் தோல் ஷெட்டில்
பதினோரு வருஷம் ஆசிட் டிரம் பார்த்தவர் என் வீட்டுக்காரர்.
ராத்திரி கேட்டுச் சிரித்தார்.
"புளிப்பு யாரையும் அடிக்காது.
பக்கத்துல உக்காந்துகினு இருக்கும்.
நேரம்தான் கேக்கும்."
அவர் நகங்களைப் பார்த்தேன்.
விளக்கை அணைத்தேன்.

இப்போது மிஷினுக்குக் கேன் தண்ணீர் மட்டும்.
வளையத்துக்கு நூற்றெண்பது, பாதி என் சம்பளத்தில்.
பாட்டிலில் மிச்சம் இரண்டு விரல் உயரம்.
அதை என்ன செய்ய?

பதினான்காம் அறை ஷவர்
அடைத்துக்கொண்டு கோணலாய்ப் பீய்ச்சும்.
முதலில் ஜன்னலைத் திறந்தேன்.
பழைய துணியை நனைத்து அதன் தலையில் கட்டினேன்,
காய்ச்சல்காரர் நெற்றியில் போடுவது போல.
"நெடி வருதா?" என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டேன்.
"கொஞ்சம்" என்றார் அவர், தமிழில்.
நான் கேட்ட அவருடைய முதல் தமிழ்.

அரைமணி கழித்து அவிழ்த்தேன்.
குழாய் ஒருமுறை இருமியது.
தண்ணீர் நேராக விழுந்தது.